பாதிக் கோல் கணக்கு: சுனில் சேத்ரியும் இந்திய அணியும்

2025 மார்ச் 19, ஷில்லாங். மாலத்தீவுக்கு எதிரான நட்பு ஆட்டம், இந்தியா ஏற்கெனவே 2-0 முன்னிலை. இடப்பக்கத்திலிருந்து லிஸ்டன் கொலாசோ தூக்கிப் போட்ட பந்தைச் சுனில் சேத்ரி தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். நாட்டுக்காக அவர் அடித்த 95ஆவது கோல் அது. வயது 40 தாண்டி 7 மாதம். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், குவைத்துக்கு எதிராக 0-0 முடிந்த தன் 151ஆவது ஆட்டத்தோடு கண்ணீர் மல்க விடைபெற்றுப் போனவர், ஒன்பது மாதத்தில் திரும்பி வந்திருந்தார். அவர் இல்லாத அந்த ஒன்பது மாதத்தில் இந்தியா ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி வெற்றி 2023 நவம்பர் 16, குவைத்தில். இடையில் 489 நாள்.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் திரும்பி வருவது உலகக் கால்பந்தில் புதிதல்ல. ஆனால் 40 வயதுக்காரரை வந்து கோல் அடித்துத் தரச் சொல்லிப் பயிற்சியாளரே கூப்பிடுகிறார் என்றால், பார்க்க வேண்டியது அந்த ஆளை மட்டுமல்ல, அவர் விட்டுப்போன இடத்தையும்தான். சேத்ரியின் கதையை விடாமுயற்சி, ஒழுக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது பொய்யில்லை, ஆனால் அதற்குள் வேறொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

கணக்கு

மொத்தக் கோல் எண்ணிக்கையை வைத்துப் பேசினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி, அடுத்து சேத்ரி என்று பட்டியல் போடலாம். உடனே எதிர்ப்பக்கம், ‘மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் எதிராக அடித்ததெல்லாம் ஒரு கோலா?’ என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஓயாது. அதற்குப் பதில் வேறொன்றை எண்ணலாம்: அணி ஒரு தொடரில் மொத்தம் எத்தனை கோல் அடித்தது, அதில் இவருடையது எத்தனை? எதிரணி பலவீனமென்றால் அது அணியின் மற்ற பத்துப் பேருக்கும் பலவீனம்தானே.

2011 ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டமும் தோற்றது. அடித்தது 3 கோல், அதில் சேத்ரியுடையது 2: பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, தென்கொரியாவுக்கு எதிராகப் பெனால்டியில் ஒன்று. 2018இல் மும்பையில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் 11க்கு 8. 2019 ஆசியக் கோப்பையில் 4க்கு 2. கத்தார் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் 8 ஆட்டத்தில் அணி அடித்தது வெறும் 6. அதில் 3 இவருடையது. மிச்சம் மூன்றில் ஒன்று ஆப்கானிஸ்தான் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது. 2021 தெற்காசியக் கோப்பையில் 8க்கு 5. 2022 ஜூனில் கொல்கத்தாவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 8க்கு 4. 2023 தெற்காசியக் கோப்பையில் மறுபடி 8க்கு 5.

கூட்டினால் ஏழு தொடரில் 48 கோல், சேத்ரியுடையது 29. பாதிக்கும் மேல். பன்னிரண்டு வருடத்தில் பயிற்சியாளர்கள் மாறினார்கள், கூட விளையாடியவர்கள் முழுக்க மாறினார்கள், இந்த விகிதம் மட்டும் பாதிக்குக் கீழே இறங்கவே இல்லை.

இவை நாம் பொறுக்கி எடுத்த தொடர்கள்தாம். பொருந்தாத தொடர்களும் உண்டு. 2023 புவனேஸ்வர் இன்டர்கான்டினென்டல் கோப்பையில் 5க்கு 2. ஆனால் உண்மையில் உற்றுப் பார்க்க வேண்டிய விதிவிலக்கு 2019 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. 2017, 2018 மார்ச் வரை 6 ஆட்டம். இந்தியா அடித்த 11 கோலில் சேத்ரிக்கு 4 மட்டுமே. ஜேஜே லால்பெக்லுவா 3, பல்வந்த் சிங் 2, ரவுலின் போர்ஜஸ் 1, மக்காவு தற்காப்பு வீரர் தன் வலைக்குள் போட்டது 1. சுமை பகிரப்பட்ட ஒரே பெரிய தொடர் அதுதான். அப்போது அணி சிரமமில்லாமல் தகுதியும் பெற்றது. ஏன் அப்போது மட்டும் என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

170 சென்டிமீட்டர்

சேத்ரியின் உயரம் 170 சென்டிமீட்டர். நடுத்தற்காப்பில் நிற்பவர்கள் பொதுவாக இவரைவிட நல்ல உயரம். ஆனாலும் இவருடைய பெயர் பெற்ற கோல்களில் நிறைய தலையால் அடித்தவை. 2018 மார்ச் 17 அன்று, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டியில், சென்னையின் எஃப்சி வலைக்குள் 9ஆவது நிமிடத்திலேயே பாய்ந்து முட்டிய கோலைச் சென்னை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (அந்த ஆட்டத்தை 3-2 என்று சென்னை ஜெயித்ததையும் மறந்திருக்க மாட்டார்கள்.)

இது குதிக்கும் பலத்தால் வருவதல்ல. வரிசையைக் கவனியுங்கள். பந்து விங்கில் (மைதானத்தின் ஓரத்தில்) இருக்கும்போது சேத்ரி தற்காப்பு வீரருக்கு முன்னால் நிற்பதில்லை. பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தோளுக்குப் பின்னால் நிற்பார். தற்காப்பு வீரர் பந்தையும் இவரையும் ஒரே பார்வையில் வைத்திருக்க முடியாது, தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) போடுகிறவர் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் நொடியில் இவர் தூரத்துக் கம்பத்தை நோக்கி ஓர் அடி வைப்பார். தற்காப்பு வீரரின் எடை அந்தப் பக்கம் சாயும். உடனே குறுக்கே வெட்டி அவருக்கு முன்னால் வந்துவிடுவார். பந்தைத் தொடும் உயரம் மற்றவருடையதைவிடக் குறைவுதான், தொடும் நேரம் அரை நொடி முந்தியது. உயரத்தில் போட்டி போடாமல் நேரத்தில் போட்டி போடும் வித்தை.

இதற்கு எது வேண்டும் என்பதிலேயே எப்போது கெடும் என்பதும் இருக்கிறது. கிராஸ் வேகமாக, தாழ்வாக, கோல்கீப்பருக்கும் தற்காப்புக்கும் நடுவில் வர வேண்டும். பின்னாலிருந்து தொங்கலாகப் போட்டால் உயரமானவருக்குத்தான் பந்து. விங்கர் ஒரு தொடுதல் அதிகமாக எடுத்தால் இவருடைய ஓட்டம் முன்கூட்டியே முடிந்து, கம்பத்தருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். எல்லாம் சரியாக அமைந்தும் தவறுவதுண்டு. 2024 ஜனவரியில், ஆசியக் கோப்பை முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆரம்பத்திலேயே இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. வலப்பக்கமிருந்து நிகில் பூஜாரி போட்ட பந்து, காலியாக நின்ற சேத்ரியின் தலை, கம்பத்துக்கு வெளியே. அந்த மாதிரி எதிரணிகளிடம் ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். இந்தியா 0-2 தோற்றது. அந்தத் தொடரில் மூன்று ஆட்டத்திலும் அணிக்குக் கோலே இல்லை.

இரண்டாவது ஆயுதம் இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வலக்காலால் அடிப்பது. இது பலரும் செய்வதுதான். மூன்றாவதுதான் அபூர்வம்: மற்றவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் விழித்திருப்பது. 2019 செப்டம்பரில் குவாஹாட்டியில் ஓமானுக்கு எதிராக ஃப்ரீ கிக். தடுக்க வரிசை கட்டி நின்ற எதிரணிச் சுவர் உயரமான பந்தை எதிர்பார்த்து நிற்க, பிராண்டன் ஃபெர்னாண்டஸ் தரையோடு பக்கவாட்டில் தள்ளினார். ஓடி வந்த சேத்ரி ஒரே தொடுதலில் அடித்தார். 2023 மார்ச் 3 அன்று கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஐஎஸ்எல் பிளே-ஆஃபில், கூடுதல் நேரத்தில், எதிரணி சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரீ கிக்கை உதைத்து வலைக்குள் போட்டுவிட்டார். பிளாஸ்டர்ஸ் அணி கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறியது. அது சரியா தவறா என்று மலையாளிகளிடம் இன்றைக்கும் பேச முடியாது. அதே வருடம் ஜூன் 21 அன்று பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த ஹாட்ரிக்கில் இரண்டு பெனால்டி. முதல் கோலோ, கோல்கீப்பரை நோக்கி விடாமல் ஓடியதால், அவர் தடுமாறியதால் கிடைத்தது. அப்போது வயது 38.

பெனால்டிகளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்பவர்கள் உண்டு. கழிக்கலாம். ஆனால் ஓர் அணியில் இத்தனை வருடம் பெனால்டி பெரும்பாலும் இவர் தலையிலேயே விழுந்தது என்பதும் நாம் தேடும் விடையின் ஒரு துண்டுதான்.

கிளப் வழி

பிறந்தது 1984 ஆகஸ்ட் 3, செகந்திராபாத்தில், ராணுவக் குடும்பத்தில். தாய் சுசீலா நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர். டெல்லியில் சிறுவர் கால்பந்து, 2002இல் மோகன் பகான், பிறகு பஞ்சாபின் ஜேசிடி. 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம், அதிலேயே முதல் கோல், 1-1. பாய்ச்சல் என்று சொல்ல வேண்டுமானால் 2008 ஆகஸ்ட் 13. டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டி. தஜிகிஸ்தானுக்கு எதிராக 4-1, மூன்று சேத்ரியுடையது, ஒன்று பாய்ச்சுங் பூட்டியாவுடையது. 1984க்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசியக் கோப்பையில் இடம் கிடைத்தது அந்த ஒரு மாலையில்தான்.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நடந்தது குறைவு. 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் மூன்று வருட ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70க்குள் இல்லாத நாட்டின் ஆட்டக்காரர் என்பதால் பிரிட்டன் வேலை அனுமதி மறுத்தது. 2010இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி விஸர்ட்ஸ். லீக்கில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் இரண்டாம் அணி. 5 ஆட்டம், அதோடு இந்தியா திரும்பி கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கிளப். முதல் மறுப்பின் காரணத்தைக் கவனியுங்கள். நாட்டின் தரவரிசை ஏற வேண்டுமானால் நல்ல லீக்கில் ஆடுகிறவர்கள் வேண்டும், நல்ல லீக்கில் ஆட வேண்டுமானால் நாட்டின் தரவரிசை ஏற வேண்டும். பூட்டுக்குள் சாவி.

2013இல் பெங்களூரு எஃப்சி புதிதாகத் தொடங்கப்பட்டது முதல் அங்கேதான், இரண்டு முறை மும்பை சிட்டிக்கு இரவல் போனது தவிர. இரண்டு ஐ-லீக் (ஐஎஸ்எல்லுக்கு முந்தைய தேசிய லீக்) பட்டம், 2016இல் ஏஎஃப்சி கோப்பை இறுதிப் போட்டி வரை ஓட்டம் (எந்த இந்திய கிளப்பும் அதற்கு முன் அங்கே போனதில்லை), 2018-19 ஐஎஸ்எல் பட்டம். பயிற்சிக் களம், உணவு, உடல் தேற்றம் எல்லாம் ஒழுங்காக இருந்த கிளப் என்பதால்தான் இவருடைய இரண்டாவது பத்தாண்டு முதல் பத்தாண்டைவிடச் செழிப்பானது. தேசிய அணியில் இவர் அடித்த நான்கு ஹாட்ரிக்கில் கடைசி இரண்டும் 33 வயதுக்கு மேல் வந்தவை.

ஆனால் அந்த கிளப்பிலேயே அவர் எங்கே ஆடினார்? 2017-18 ஐஎஸ்எல் பருவத்தில் பெங்களூருவின் நடு முன்களத்தில் நின்றவர் வெனிசுவேலாவின் மிக்கு. 15 கோல். சேத்ரி இடப்பக்க விங்கில். 14 கோல். நாட்டின் தலைசிறந்த கோல்காரருக்கே தன் கிளப்பில் நடு இடம் இல்லை. இது பயிற்சியாளரின் தவறல்ல. மிக்கு நல்ல ஆட்டக்காரர், முடிவும் கிடைத்தது. ஆனால் பத்து கிளப்பும் இதையே செய்தால் என்ன ஆகும்?

ஒன்பதாம் எண் எங்கே போனது

2014இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18 முதல் 5, 2021-22 முதல் 4. எண்ணிக்கை குறைந்தது, ஆனால் அந்த நான்கு பேரை எங்கே நிறுத்துவது என்பது மாறவே இல்லை. முதுகெலும்பில்: ஒரு நடுத்தற்காப்பு வீரர், ஒன்று அல்லது இரண்டு நடுக்களக்காரர், ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது ஒன்பதாம் எண் சட்டைக்காரர். காசு கொடுத்து வாங்குகிறவர் கோல் அடிப்பவரைத்தான் முதலில் வாங்குவார். இந்தியர்களுக்கு மிஞ்சுவது பக்கவாட்டுப் பின்காப்பும் விங்கும்.

விளைவு தெளிவு. ஐஎஸ்எல் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை ஒரு பருவத்தில்கூட அதிகக் கோலுக்கான தங்கக் காலணி இந்தியருக்குப் போகவில்லை. எலானோ, கோரோ, சென்னையின் வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, கடைசியாக மொராக்கோவின் அஜாரேய் என்று பட்டியல் போகிறது. மன்வீர் சிங் நல்ல உடற்கட்டுள்ள முன்கள வீரராக வந்தவர். மோகன் பகானில் வலப்பக்க விங்கராக மாறிவிட்டார். இஷான் பண்டிதா கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கப்படும் மாற்று வீரராகவே பெயர் வாங்கினார். வாரத்துக்கு வாரம் வலைக்கு முதுகு காட்டி நின்று, தற்காப்பு வீரரின் முழங்கையைத் தாங்கி, பந்தைப் பிடித்துத் திரும்பும் வேலையைத் தேசிய அணிக்கு வரும்போது மட்டும் செய் என்றால் எப்படி வரும்? அது பயிற்சி முகாமில் பத்து நாளில் ஏறும் பழக்கமல்ல.

இங்கேதான் ஜேஜே வருகிறார். மிசோரத்துக்காரர். சென்னையின் எஃப்சி 2015இலும் 2017-18இலும் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர். 2017-18இல் பயிற்சியாளர் ஜான் கிரிகரி அவரை விங்குக்குத் தள்ளாமல் நடு முன்களத்திலேயே ஆடவிட்டார். 9 கோல். அதே காலத்தில்தான் தேசிய அணியின் அந்த 11க்கு 4 கணக்கு. ஜேஜே நடுவில் நின்று தற்காப்பை இழுத்துப் பிடிக்க, சேத்ரி சற்றுப் பின்னாலிருந்து ஓடி வந்தார். 2017 ஜூன் 13 அன்று பெங்களூரில் கிர்கிஸ்தானுக்கு எதிரான கோல் இதன் அச்சு அசல்: நடுக்களத்திலிருந்து சேத்ரி கிளம்பி, ஜேஜேயிடம் கொடுத்து, தற்காப்புக்கு மேலே அவர் தூக்கித் தந்ததை வாங்கி அடித்தார். 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் தாய்லாந்தை 4-1 வென்றபோது நான்காவது கோல் மாற்று வீரராக வந்த ஜேஜேயுடையது. ஆசியக் கோப்பையில் 1964க்குப் பிறகு இந்தியாவுக்கு முதல் வெற்றி. அந்த வருடமே ஜேஜேக்கு முழங்கால் அறுவை. பழைய ஜேஜே திரும்பவே இல்லை. அடுத்த தகுதிச் சுற்றில் கணக்கு பழையபடி பாதிக்கு ஏறிவிட்டது.

ஒரு கிளப், ஒரு பயிற்சியாளர், ஒரு முடிவு. அதனால் தேசிய அணிக்கு இரண்டு வருடம் இரண்டாவது ஸ்ட்ரைக்கர் கிடைத்தார். நம் பார்வையில் இந்த ஆய்வின் மையமே அதுதான், சேத்ரியின் 95 அல்ல.

சேத்ரி இல்லாமல் இந்தியா நன்றாக ஆடியதே இல்லையா? ஆடியிருக்கிறது. 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரை 0-0 என்று மடக்கியபோது அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆனால் அது கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவின் இரவு. கோல் விடாமல் இருக்க சேத்ரி தேவையில்லை, கோல் அடிக்கத்தான் தேவை என்பதைத்தான் அதுவும் சொல்கிறது.

கணக்கு உடைந்தபோது

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. 6 ஆட்டத்தில் இந்தியா அடித்தது 3 கோல். சேத்ரிக்கு ஒன்று, 2024 மார்ச் 26 குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக, தன் 150ஆவது ஆட்டத்தில், பெனால்டியில். அந்த ஆட்டத்தையும் 1-2 என்று தோற்றார்கள். அவருடைய பங்கு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் 2017இல் மற்றவர்கள் ஏறியதால் குறைந்தது, இப்போது மொத்தமே வற்றியதால் குறைந்தது.

அவர் போனபின் மனோலோ மார்க்கேஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று 2024இல் ஆடிய 4 ஆட்டத்தில் 2 கோல். வியட்நாமுக்கு எதிராக ஃபாரூக் சௌத்ரி ஒன்று, மலேசியாவுக்கு எதிராக ஒன்று. இரண்டாவதை அடித்த ராகுல் பேக்கே ஒரு தற்காப்பு வீரர். அதே பருவத்தில் ஐஎஸ்எல்லில் 40 வயது சேத்ரி 14 கோல் அடித்து இந்தியர்களில் முதலிடம். டிசம்பரில் பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் வேறு. மோகன் பகானின் சுபாசிஷ் போஸ், இடப்பக்கப் பின்காப்பாளர், கார்னர்களுக்கு முன்னேறி வந்தே 6 கோல் சேர்த்தார். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? மார்க்கேஸ் சேத்ரிக்குப் போன் போட்டதில் வியப்பில்லை.

ஷில்லாங் கோலோடு நல்ல செய்தி நின்றது. ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று தொடங்கியது, வங்கதேசத்துடன் 0-0. ஜூன் 10 அன்று ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் 0-1. மார்க்கேஸ் விலகி, காலித் ஜமீல் வந்தார். ஜமீல் முதலில் சேத்ரியைச் சேர்க்காமலேயே மத்திய ஆசிய நாடுகள் கோப்பைக்குப் போய், ஓமானைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். பிறகு அக்டோபரில் சிங்கப்பூருக்கு எதிராகச் சேத்ரியை மறுபடி அழைத்தார். வெளியூரில் 1-1, ரஹீம் அலி கடைசி நிமிடத்தில் காப்பாற்றினார். அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் இந்தியாவின் சாங்தே முதல் கோல் அடித்தும் 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக் கனவு அங்கே முடிந்தது. திரும்பி வந்தபின் ஆடிய தகுதிச் சுற்று ஆட்டம் எதிலும் சேத்ரிக்குக் கோல் இல்லை.

இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் கணக்கை மறுபடி பார்க்கலாம். கிளப்பில் 14 அடித்தவர் தேசிய அணியில் வெறுங்கையோடு நின்றதற்குக் கால் மட்டும் காரணமல்ல. பெங்களூருவில் அவர் பெரும்பாலும் பின்னிருந்து ஓடி வருபவர், அல்லது கடைசி அரை மணி நேரத்துக்கு இறங்கிக் களைத்த தற்காப்பைக் குத்துபவர். 2025 ஏப்ரல் 6 அன்று கோவாவில் ஐஎஸ்எல் அரையிறுதியின் இழப்பீட்டு நேரத்தில் தலையால் முட்டி அணியை இறுதிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். தேசிய அணியிலோ தனியாக முன்னால் நின்று, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய இரண்டு தற்காப்பு வீரர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தனக்கு 33 வயதானபோது ஜேஜே செய்துகொடுத்த வேலையை 41 வயதில் இவரே செய்ய வேண்டும் என்றால்?

நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்தோடு ஆடிய அணியில் அவர் இல்லை. அந்த மாதம் பெங்களூரில் நடந்த விழாவில், பெர்த்தில் பிறந்து வளர்ந்த 32 வயது முன்கள வீரர் ரயன் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார். கையில் கொடுத்தவர் அவருடைய கிளப் தோழர் சேத்ரி. டாக்கா ஆட்டத்துக்குள் வில்லியம்ஸின் காகிதங்கள் வந்து சேரவில்லை. வங்கதேசம் 1-0 என்று ஜெயித்தது. முதல் 5 தகுதிச் சுற்று ஆட்டத்தில் இந்தியா அடித்தது 2 கோல்.